பதினோரு மணிக்கு ரெண்டு கூப்பாடு

கம்பெனி என் பேரில்தான்.
பெண்களுக்கு வட்டி கால் சதவீதம் கம்மி என்று
பேங்கில் சொன்ன அன்றைக்கு
காஜா பட்டன் யூனிட்டுக்கு நான் முதலாளி ஆனேன்.
'கோகிலாமணி, புரொப்ரைட்டர்' என்று
ரப்பர் ஸ்டாம்பு வந்தது.
செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டேன்,
தேதி இல்லாமல், தொகை இல்லாமல்,
அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில்.

அதில் ஒரு தாள்
இப்போது மூன்றாம் அறையில், கேஸ் கட்டுக்குள்.
நாலு லட்சத்து அறுபதாயிரம்.
கணக்கில் போதிய பணமில்லை என்று பேங்கு தந்த சீட்டை
அதன் மேலேயே பின் அடித்திருக்கிறார்கள்.

போன ஐப்பசியில்
சந்திரகிரி எக்ஸ்போர்ட்ஸுக்கு எண்பதாயிரம் பீஸ்
பட்டன் வைத்துக் கொடுத்தோம்.
கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ வேண்டாம் என்றார்கள்.
அங்கே குளிர் வரவில்லையா,
வந்தும் சட்டை வாங்கக் காசில்லையா,
திருப்பூருக்கு ஒருவரும் சொல்லவில்லை.
கன்டெய்னர் தூத்துக்குடியில் நின்றது.
அவர்கள் எனக்குத் தந்த செக் திரும்பியது.
நான் நூல்காரருக்குத் தந்தது திரும்பியது.
நூல்காரர் ஈரோட்டுக்குத் தந்ததும் திரும்பியதாகக் கேள்வி.
பொழுது விழுந்தால் பட்டிக்கு வரும் ஆடுகள்
இத்தனை ஒழுங்காக வராது.

இரண்டாம் அறையில் நான் புகார்தாரர்.
மூன்றாம் அறையில் நான் எதிரி.
குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டுத் தமிழில்
அப்படித்தான் பேர்.
யாருக்கு எதிரி என்று கேட்டேன்.
ஜூனியர் வக்கீல் சிரித்தான்.
சீனியர் அன்றைக்கு அவிநாசியில்.
இவனுக்கு இருப்பது ஒரு கோட்டு, ஒரு உடம்பு.

வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் டூவீலரில் உட்கார்ந்திருக்கிறார்.
அவர் பேரில் ஒன்றும் இல்லை;
அவரைக் கூப்பிடவும் ஆளில்லை.
சம்பளப் பாக்கிக்காக லேபர் ஆபீஸில்
ஒடிசாப் பெண்கள் கொடுத்த மனுவிலும்
என் பேர்தான், எழுத்துப் பிழையோடு.
அந்த மனுவில் பொய் ஒன்றும் இல்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு
இரண்டு டவாலிகளும் ஒரே மூச்சில்
கோகிலாமணி, கோகிலாமணி, கோகிலாமணி.

அங்கே போகாவிட்டால் கேஸ் தள்ளுபடி.
இங்கே போகாவிட்டால் பிடிவாரண்டு.
தாழ்வாரத்தின் நடுவில் நின்றேன்,
கையில் டிபன் பையும் ஆதார் நகலும்.

பின்னால் இருந்து ஒரு குரல்:
"அம்மிணி, நீங்க இங்க உள்ள போங்க.
அந்தக் கேசு தள்ளுபடி ஆச்சுன்னா
எனக்கு எங்கிருந்துங்க காசு வரும்?
நான் போயி ஆள் இருக்குதுன்னு சொல்றனுங்க."

நூல்காரர் திருமூர்த்தி.
என் மேல் கேஸ் போட்டவர்.
முட்டி வலிக்காரர்,
வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு
இரண்டாம் அறைக்கு ஓடினார்.
"வந்துட்டாங்க, வந்துட்டாங்க, சித்தெ பொறுங்க"
என்று அவர் கத்தியது
மூன்றாம் அறைக் கூண்டு வரை கேட்டது.

எதிரி ஆஜர் என்றார் பெஞ்ச் கிளார்க்.
நீதிபதி கட்டைப் புரட்டினார்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
புகார்தாரர் எங்கே?

அவருடைய வக்கீல் வாசலைப் பார்த்தார்,
பெஞ்சுக்கு அடியில்கூடப் பார்த்தார்,
"இப்பத்தான் இங்க இருந்தார் ஐயா."

அவர் எங்கே என்று
அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.
எதிரி பேசலாமா என்று
யாரிடம் கேட்பது என்று தெரியாமல்
கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு
நின்றேன்.