ஐந்து லிட்டர்

கிழக்குக் கரையின் கோப்பு ஒன்று
மேற்குக் கரைக்கு அனுப்பியது என்னை,
மரப்பெட்டிக்குள் பச்சைத்துணி சுற்றிய
ஒரு செப்புக் குடுவையோடு.
அளவை ஆய்வாளர் என்கிறது அடையாள அட்டை.
மாஹேவில் என் பெயர்
"சீல் வைக்கிற சார்."

மழை பாலத்திலேயே பிடித்துக்கொண்டது.
இறங்கிய இடத்தில் சாராயக் கடை,
அதன் தோளில் இன்னொன்று,
எதிரே பெட்ரோல் பங்க், பக்கத்தில் பெட்ரோல் பங்க்.
வரி குறைந்த ஊருக்கு
தாகம் வெளியூரிலிருந்து வருகிறது.

விடுதிக்காரர் பாலாட்டில் சத்யன்
காணாத நாட்டின் குடிமகன்.
அவர் அப்பா ஏதோ ஒரு தாளில்
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
தேர்தலுக்குத் தேர்தல் பாரிஸுக்கு ஓட்டுப் போடுவாராம்.
யாருக்கு என்றேன்.
"தபால் நேரத்துக்கு வந்தால், யாருக்காவது."

வெள்ளைக்காரன் விட்டுப்போனதைப் பார்க்க
அவர் விடுதிக்கு ஆட்கள் வருகிறார்கள்.
ஆற்றோர விளக்குக் கம்பம்,
தேவாலய மணிக்கூண்டு,
பாசி பிடித்த ஜன்னல் ஒன்றின் முன் நின்று
குடையை மடக்கிப் படம்.
லிட்டரை யாரும் படம் எடுப்பதில்லை.
நாழியையும் உரியையும் இடங்கழியையும்
அரிசிப் பானைக்குள்ளேயே சாகவிட்டு
இங்கே தங்கிவிட்ட பிரெஞ்சுக்காரன் அவன்.
மழைக்கோட்டு வாங்கித் தந்து
அவனைத்தான் நான் பெட்டியில் தூக்கித் திரிகிறேன்.

நான்காவது பங்கில் ஸ்னிஷா.
நீலச் சட்டை, நனைந்த செருப்பு,
காதோரம் சொருகிய பேனா.
மூன்றாம் எண் குழாயை அவளே பிடித்தாள்.
குடுவையின் கழுத்தில் பெட்ரோல் ஏறி
கோட்டைத் தொட்டது,
தாண்டியது,
நின்றது.
குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
ஐந்து லிட்டருக்கு நாற்பது மில்லி
கூடுதல்.

பதினெட்டு வருஷத்தில்
குறைவைத்தான் பிடித்திருக்கிறேன்.
குறைவுக்கு எனக்குக் குரல் உண்டு, முகம் உண்டு.

"அறியாம் சாரே," என்றாள்.
எத்தனை நாளாய்?
"போன ஓணம் முதல்."
யாருக்கெல்லாம் தெரியும்?
மீன் வண்டிக்காரர்களுக்கு. மணல் லாரிகளுக்கு.
இரண்டு ஆம்புலன்ஸுக்கு.
ஒன்றாம் எண் காலியாய்க் கிடந்தாலும்
மூன்றில்தான் வரிசை நிற்கும்.
முதலாளிக்கு மட்டும் தெரியாது.
அவர் துபாயில் இருக்கிறார்,
கணக்கில் குறைவதைக் கடல்காற்று குடிப்பதாய் நம்புகிறார்.

சட்டத்துக்கு இரண்டும் பிழைதான்.
ஈயத்தை நசுக்கிக் கம்பியை முறுக்கி
மூன்றாம் எண்ணின் வாயை அடைத்தேன்.
முடிக்கும்வரை எனக்குக் குடை பிடித்தவளும் அவளே.
"நாளைக்கு மீன் வண்டி ஹம்சக்கா வருவார்,
என்ன சொல்ல?"
படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
ஹம்சக்காவுக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கலங்கரை விளக்கடியில் நின்றேன்.
ஆறு பழுப்பாய்க் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.
வேலை முடிந்தும்
கண் கோடு தேடிற்று, எங்கே தாண்டுகிறது என்று.
பக்கத்தில் ஒருவன் தூண்டிலை உதறி
என்மேல் தெறித்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

மாஹே என்று பலகை மாட்டிய ரயில் நிலையம்
மாஹேவுக்குள் இல்லை.
எல்லை தாண்ட வேண்டும்.
ஆட்டோ ஓட்டிய ஷிபின்தாஸ்
சோதனைச் சாவடிக்கு முன்வளைவில் நிறுத்தி
துண்டில் சுற்றியதை நீட்டினான்.
மச்சினன் வீடு பால்காய்ச்சுகிறானாம்.
"சாரே, பெட்டியில் இத்திரி இடம்?"
பூட்டைத் திறந்தது என் கைதான்.
ஏன் என்று இன்றுவரை விசாரணை இல்லை.

காவலர் டார்ச் அடித்தார். என்ன பெட்டி?
"ஐந்து லிட்டர்," என்றேன். "அரசாங்கத்துடையது."
உள்ளே?
"காலி."
அசோகச் சிங்கங்களின் மேல் வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்றது.
போகலாம் என்றார்.

வண்டி குழியில் இறங்கி ஏறியதும்
பச்சைத் துணிக்குள்
கண்ணாடி ஒருமுறை செம்பைத் தொட்டது.
முக்கால் லிட்டர்
கூடுதல்.
ஷிபின்தாஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினான்,
ரோட்டில் யாரும் இல்லை.