எய்தவை இரண்டு

அஞ்சனாபுரா, நாலாவது பிளாக்.
முப்பதுக்கு நாற்பது காலி மனை.
சுவரில் நீலப் பெயின்ட்:
இந்த இடம் விற்பனைக்கு அல்ல.
அதன் கீழே
கொம்பில் இன்னும் தோல் உரியாத புள்ளிமான்,
நாய்கள் துரத்திய மூச்சு
விலாவில் அடித்துக்கொண்டிருக்க.

காடு இரண்டே கிலோமீட்டர் என்றார்கள்.
மானுக்கு அது தெரிந்திருந்தால்
நான் எதற்கு?

கையில் வில் இல்லை, ஆறடிக் குழல்.
நாண் இருக்கவேண்டிய இடத்தில் என் மூச்சு.
அம்பென்பது சிவப்புக் குஞ்சம் வைத்த ஊசி.
கொல்லாது என்று கூட்டத்திடம் சொல்வோம்.
அதை முழுதாக நம்பும் மருத்துவரை
நான் சந்தித்ததில்லை.
பயத்திலேயே உயிரை விட்டுவிடும் பிராணி இது.

முதலில் கதவுகள்.
ஊசி ஏறியபின் பத்து நிமிடம் ஓடும்.
ஓடுகிற மானுக்குப் பட்டா தெரியாது,
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.
கிழக்கில் ரேவணசித்தப்பா
கேட்டைத் திறந்து காரை வெளியே எடுத்தார்.
மேற்கில் சத்யபாமா வீட்டில் வளைகாப்பு.
மைக்செட்டை நிறுத்தச் சம்மதித்தாள்.
வளையல்களை யார் நிறுத்த?
பின்வீட்டுக்காரர் தோஹாவில்,
சாவி காவலாளியிடம்,
அனுமதி வாட்ஸப்பில், ஒரு கட்டைவிரலாக.
மூலைவீடு மட்டும் திறக்கவில்லை.
மூன்று முறை மணி அடித்தேன்.
உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம்.

மாடிதோறும் கைபேசிகள்.
"அடிங்க மேடம், இதோ நிக்குதே!"
தமிழில் ஒரு குரல்.
நிற்கிறதுதான்.
மானைப் பார்ப்பது எளிது.
மானுக்குப் பின்னால் பார்ப்பதுதான் வேலை.
பின்னால் சமையலறை ஜன்னல்,
ஸ்டூல் போட்டு ஏறிய பிள்ளையின் நெற்றி.
குழலை இறக்கினேன்.

இருபது நிமிடம்.
கணுக்காலில் எறும்பு ஏறி
முழங்காலில் யோசித்தது.
மான் ஓரடி நகர்ந்தது.
இப்போது பின்னால் ஹாலோ பிளாக் அடுக்கு மட்டும்.
பதினோரு தப்படி.
ஊதினேன்.
அதே நொடி எங்கோ குக்கர் விசில்.
மான் துள்ள, ஊசி போன திசை தெரியவில்லை.

இரண்டாவது, தொடையில்.

இனி யாரும் ஓடக்கூடாது.
லிங்கராஜு கடிகாரத்தைப் பார்த்தான்,
நான் தரையைப் பார்த்தேன்.
துரத்தினால் அதன் இதயம் நிற்கும்.
துரத்தாவிட்டால்
எங்கே விழும் என்று தெரியாது.
ஆறாவது நிமிடம் சுவர் தாண்டியது.
எல்லாக் கதவும் திறந்துகிடக்க
அதற்குப் பிடித்தது அந்த மூலைவீடு.

கேட்டைப் பிடித்தபடி நின்றேன்.
கத்தவும் முடியாது.
அப்போது கதவு திறந்தது.
இரவெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டுத் தூங்கிய முகம்,
அரைக்கால் சட்டை, தோளில் துண்டு.
செருப்பு ஸ்டாண்டருகே கால் மடங்கிக் கிடந்ததை
ஒரு கணம் பார்த்தான்.
குனிந்து, துண்டால்
அதன் கண்களை மூடினான்.
நான் சொல்லவில்லை.
பிறகு என்னைப் பார்த்து, கன்னடத்தில்,
நோயாளி தூங்கும் அறையின் குரலில்:
வாங்க, செருப்போடயே வாங்க.

ஆறரைக்கு வேன்
பன்னேர்கட்டா பக்கம் கிளம்பியது.
மாற்று ஊசி போட்டாயிற்று.
மூச்சு இருந்தது, காது அசைந்தது.
அதற்குமேல் நாளைக்குத்தான் சொல்லமுடியும்.
கூட்டம் கலைந்தது.
மைக்செட் மறுபடி உயிர்பெற்றது.

நான் மனையில், முழங்காலில்.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவளே அம்பைத் தேடுவதற்குப்
பழமொழி எதுவும் ஞாபகம் வரவில்லை.
மருந்து இறங்காத ஊசி.
காலையில் இங்கே கிரிக்கெட் ஆடுவார்கள்,
பாதிப் பேர் வெறுங்காலில்.
பார்த்தீனியம், பால் பாக்கெட்,
உடைந்த டைல்ஸ், ஒற்றைச் சாக்ஸ்,
யாரோ புதைத்த எலுமிச்சம்பழம்.

எட்டேகாலுக்கு
ஹாலோ பிளாக்கின் ஒரு துளைக்குள் டார்ச் அடித்து
லிங்கராஜு "மேடம்" என்றான்.
உள்ளே சிவப்புக் குஞ்சம்.

ஜீப்பில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன்.
எய்தவை: இரண்டு.
மீட்டவை: இரண்டு.
பிராணியின் நிலை என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்து
மூடினேன்.