வாடகை மழை

என் வேலை நினைவில் வைத்திருப்பது.
எந்தக் கையில் கோப்பை,
எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது,
கதவைச் சாத்தியபின் ஒரு மூச்சா, இரண்டா.
முப்பத்தொரு படங்கள்.
அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில்
பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வதும் நான்தான்.

குவார்னுக்கு வடக்கே
கார்த் லிண்ட்னரின் செம்மறிப் பண்ணை.
கம்பளி கத்தரிக்கும் கொட்டகையை
ஆறு வாரத்துக்குக் கேட்டோம்.
ஆடுகளை முன்பே விற்றிருந்தார்.
"காலியாத்தானே கெடக்கு" என்றார்.
கையெழுத்துப் போடத் தொப்பியைக் கழற்றியவர்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மறுபடி தலையிலேயே வைத்துக்கொண்டார்.

கதை எளியது. வறட்சி, புருஷன், பெண்டாட்டி.
கடைசி நாயையும் சுட அவன் கூட்டிப்போகும் இரவில்
மழை பிடித்துக்கொள்ளும்.
புருஷனாக டென்மார்க்கிலிருந்து ஹென்னிங் ஸ்கோவ்,
அலமாரி நிறைய விருதுகள் உள்ளவர்,
ஈயை மட்டும் பொறுக்கத் தெரியாதவர்.
பெண்டாட்டியாக டெல்சி மக்கின்ரோ.
பிறந்தது இங்கே, போர்ட் அகஸ்டாவில்.
பிறகு லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், இருபத்திரண்டு வருடம்.
ஊர்ப் பேச்சு நாக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது.
அதைச் சொல்லித்தர ஆள் வைத்தார்கள்.
அவர் கனடாக்காரர்.

ஹென்னிங்குக்குப் பத்தே நாளில் வந்துவிட்டது.
பெட்ரோல் பங்கில் அவரிடம்
கம்பளி விலை பற்றிப் புலம்பினார்கள்.
அவளிடம் கேட்டார்கள், எந்த நாடு நீங்கள்?
மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
வண்டியில் வந்து உட்கார்ந்தாள்.
நான் குறிக்கவில்லை.
அது காட்சியில் இல்லை.

நாற்பத்தேழாம் காட்சி. இரவு. வெளிப்புறம். மழை.
மூன்று லாரித் தண்ணீர், கிரேனில் குழாய், குழாயில் துளைகள்.
கொஞ்சம் பால் கலந்தால்தான்
வெளிச்சத்தில் தெரியும் என்றான் ஒருவன்.
மழைக்கும் ஒப்பனை.
லிண்ட்னர் வேலியோரம் வந்து நின்றார்.
மூன்று வருடமாய் அவர் அண்ணாந்து பார்த்ததை
அரைக்கால் சட்டை போட்ட பையன்
விசிலடித்து வரவழைத்தான்.
"கட்" என்றதும் நின்றது.
தகரக் கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது,
சேதி எட்டாததுபோல.

முதல் டேக்கில் ஹென்னிங் மண்டியிட்டார், அழகாக.
இரண்டாவதில் இன்னும் அழகாக.
மூன்றில் நாய் சிரித்துவிட்டது.
நான்காவது டேக்கில் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார்.
ஏதோ சத்தம்.
ஜெனரேட்டரா? இல்லை.

தவளைகள்.
எத்தனை காலம், எதைத் தின்று,
களிமண்ணுக்குள் கண்ணை மூடிக் கிடந்தனவோ,
வாடகைத் தண்ணீரை நம்பி
மேலே வந்துவிட்டன.

"விரட்டுங்கள்" என்றார் இயக்குநர்.
யாரும் அசையவில்லை.
லிண்ட்னர் கம்பியைத் தாண்டி
காமெராவுக்குக் குறுக்கே நடந்துவந்தார்.
குனிந்து ஒன்றை எடுத்தார். பிறகு ஒன்றை.
இந்த முறை தொப்பியை எங்கே வைப்பதென்று
அவருக்குத் தெரிந்திருந்தது.
குழாயடியில் நீட்டி நீர் பிடித்து
அதற்குள் விட்டார்.
டெல்சி, வசனத்தில் இல்லாமல்,
"அட பைத்தியங்களா, உள்ள போங்க, போங்க" என்றாள்,
மூக்கிலிருந்து, இழுத்து,
ரயில்வே குடியிருப்பின் பின்வாசலிலிருந்து
யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்ட அதே குரலில்.
கனடாக்காரர் பேனாவைத் தேடினார்.

அந்தத் துண்டு படத்தில் இல்லை.
விழாவில் எழுந்து நின்று கைதட்டியது ஆறாவது டேக்குக்கு.
தவளைச் சத்தத்தை
ஒரு பொத்தானில் துடைத்துவிட்டார்களாம்.

என் குறிப்பேட்டில் இருக்கிறது:
நான்காவது டேக். பயன்படாது.
டெல்சி: ஈரக் கூந்தல் இடத் தோளில், வலக்கை வாய்மேல்.
உரிமையாளர்: சட்டகத்துக்குள். வெறுந்தலை.
தொப்பியில் பதினொன்று.

கூர்ந்து பார்த்தால் தெரியும்,
படத்தில் ஹென்னிங்கின் முழங்காலருகே
சமமாக இருந்த மண் திடீரென்று
சின்னச் சின்னக் குழிகளாக இருக்கும்.
நிரவச் சொல்லியிருக்க வேண்டும்.
பார்த்தேன்.
சொல்லவில்லை.