மழை பெய்தால் அப்பா வருவான்

முந்நூற்று நாற்பது மரம்.
இரண்டரை மணிக்கு நெற்றி விளக்கோடு இறங்கினால்
வெட்டி முடிக்க விடியும், பாலெடுக்கப் பத்தாகும்.
அதற்குள் லிஜி, ஜெரினைத் தூக்கிக்கொண்டு
கடையாலுமூட்டில் பஸ் ஏறியிருப்பாள்.
அருமனை வருமுன்னே அவன் காதைப் பொத்துவான்.
டிரைவர் பாட்டை நிறுத்தமாட்டார்.
மார்த்தாண்டத்தில் பாலத்துக்குக் கீழே இறங்கி
ஒரு மாடி ஏறினால் அந்த அறை.
பாய், பந்து, துணி ஊஞ்சல், பெர்சிஸ் டீச்சர்.

இதெல்லாம் அவள் சொல்லித் தெரியும்.
எனக்கு மழை பெய்தால்தான் லீவு.
பட்டை நனைந்தால் கத்தி வைக்க முடியாது,
கூலியும் கிடையாது.
ஆனியில் விடாமல் கொட்டிய வாரம்
முதல்முறை அவர்களோடு பஸ் ஏறினேன்,
கூலி போன கோபத்தோடு.

மறைக்க ஒன்றுமில்லை.
"ஆம்பிளப் பிள்ள பையத்தான் பேசும்,
எனக்க அண்ணன் நாலு வயசிலதான் பேசினான்"
என்று ஒரு வருஷத்தைத் தள்ளியவன் நான்.
அவள் தனியாய் ஆஸ்பத்திரிக்குப் போய்
அந்தப் பெயரோடு திரும்பிய ராத்திரி
"நீ போனக் குடுத்துக் கெடுத்தா" என்றதும் நான்தான்.
லிஜி பதில் சொல்லவில்லை.
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

டீச்சர் என்னைப் பாயில் உட்காரச் சொன்னார்.
"அவனக் கூப்பிடாதீங்க. அவன் செய்யறதச் செய்யுங்க."
கவிழ்ந்த காரின் சக்கரத்தை அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.
முப்பத்தெட்டு வயதில், மூன்று அம்மாமார் பார்க்க,
கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து
நானும் ஒரு சக்கரம் சுற்றினேன்.
ஜன்னல் வெளிச்சம் ஆரங்களுக்கிடையே
நறுங்கி நறுங்கி ஓடியது.
ஓ, இதையா மக்களே
இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தாய்?

பிறகு ஒரு டம்ளர், ஒரு படம்.
"காட்டிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க.
நடுவுல பேசக்கூடாது."
மூன்று வருமுன் டம்ளரை நீட்டிவிட்டேன்.
"அவனுக்குள்ளதையும் நீங்களே சொல்லிட்டீங்க" என்றார்.
காடியில் பால் வழிய எவ்வளவு நேரமாகும் என்று
தெரிந்த கைதான்.
வீட்டுக்குள் அதை நான் கொண்டுவந்ததில்லை.

படத்துக்குக் கீழே 'தண்ணீர்' என்றிருந்தது.
"வீட்டுல என்ன சொல்லுவீங்க?"
வெள்ளம்.
பேனா எடுத்து அடித்து எழுதினார்.
"அவனுக்கு ரொம்பப் பிடிச்சது?"
லிஜி தலையைக் குனிந்தாள்.
நான்தான் சொன்னேன்: ஒட்டுபால்.
சிரட்டையில் காய்ந்ததை இரண்டு விரலால் உரித்து
இழுத்துக்கொண்டே இருப்பான், நாற்றம் பிடித்த சாமான்.
டீச்சர் சிரித்தார்.
"மூணு மாசமா மாவு உருட்டி வச்சுக் கெஞ்சுறேன்.
இரண்டு விரலா? நாளைக்குக் கொண்டுவாங்க."
மறுநாள் அறை முழுக்க நாறியது.
யாரோ ஒரு அம்மா மூக்கைப் பொத்தினாள்,
அவள் மகள் கைநீட்டி ஒரு துண்டு கேட்டாள்.

வியாழக்கிழமை அம்மாமார் மட்டும் கூடுவார்கள்.
கதவுக்கு வெளியே படியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே ஒருத்தி சிரித்தாள். யாரென்று யோசித்து,
லிஜி என்று தெரிய
கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆடியில் மழை விட்டது.
இரண்டேகாலுக்கு விளக்கைக் கட்டும்போது
அடுக்களை வாசலில் ஜெரின்.
உறக்கம் அவனுக்கு அப்படித்தான், வரும், போகும்.
கையில் வெள்ளத்தின் படம், தலைகீழாய்.
டம்ளரை எடுத்தேன், எண்ணினேன்.
நெற்றி விளக்கு அவன் கண்ணில் அடித்தது, அணைத்தேன்.
இருட்டில் ஏழு, எட்டு.
ஒரு மூச்சு கேட்டது.
பல் உதட்டில் பட்டதா என்று சத்தியம் செய்யமாட்டேன்.
பாதி குடித்தான், பாதியைத் தரையில் ஊற்றி
அது ஓடுவதைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.

அன்று கடைசி வரிசையை வெயிலில் வெட்டினேன்.
பால் குறைவு.