கூட்டுத்தொகை

ஆளுக்கொரு பில் கொண்டு வாருங்கள் என்றிருந்தேன்.
எதுவானாலும் சரி, கசங்கியிருந்தாலும் சரி.
திருமங்கலம், பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல்,
மதியச் சோற்றுக்குப் பிந்தைய பாடவேளை.
மின்விசிறி இரண்டு. ஓடுவது ஒன்று.

"நாமதான் வரியே கட்டலையே டீச்சர்"
என்று முந்தின நாள் சொன்னவன் சோலையரசன்.
பிஸ்கட் வாங்கிய சீட்டோடு வந்திருந்தான்.
அடியில் எறும்பெழுத்தில் இரண்டு வரி,
இரண்டு வரியும் வரி:
மாநிலத்துக்கு இவ்வளவு, ஒன்றியத்துக்கு இவ்வளவு.
பிடிபட்டவன் மாதிரி சிரித்தான்.
பிறகு, கொடுத்தவன் மாதிரி
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

புத்தகம் அச்சாகும்போது இருந்த விகிதம் வேறு.
அடித்து எழுதுங்கள், பென்சிலால் போதும், மறுபடி மாறும்.
அழிப்பானுக்குக்கூட வரி இருந்தது,
இப்போது எடுத்துவிட்டார்கள் என்றதும்
ரிஸ்வானா தன்னுடையதை மோந்து பார்த்தாள்.

ஒச்சப்பனிடம் சீட்டு இல்லை, குறுஞ்செய்தி இருந்தது.
கப்பலூர் டோல்கேட். அவன் அப்பாவின் குட்டியானை
காலையில் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம்.
"வீடு இந்தப் பக்கம், பட்டறை அந்தப் பக்கம்.
ரோட்ட நடுவுல வச்சது நாங்களா டீச்சர்?"

அஜ்மல் காட்டியது போனில் ஒரு படம்.
மாட்டுத்தாவணியிலிருந்து அண்ணாநகருக்குப் போன பிரியாணி:
சாப்பாட்டின் விலை, பொட்டலத்துக்கு, தளத்துக்கு,
தளக் கட்டணத்தின் மேல் வரி.
மழையில் கொண்டுபோனது அவன் அண்ணன்.
"இதுல அண்ணன் எந்த லைன்ல இருக்கான்?"
பெரிதாக்கிப் பார்த்தோம்.
இன்னும் பெரிதாக்கிப் பார்த்தோம்.

கடைசியாக நாகஜோதி.
கால்நோட்டு அகலத்தில் பூக்கடைக் கமிஷன் சீட்டு,
பச்சை மை, கூட்டெழுத்து.
நெற்றியில் விளக்கு மாட்டி
விடியுமுன் அவளும் அம்மாவும் பறித்த மல்லிகை
நாலு கிலோ இருநூறு கிராம்.
ஈரத்துக்குக் கொஞ்சம் கழிவு. சாக்குக்குக் கொஞ்சம்.
முதல் பஸ்ஸில் ஒரு விலை,
எடைபோடும்போது வேறு விலை.
"இந்த நூத்துக்குப் பத்து, இது வரியா டீச்சர்?"
இல்லைம்மா, அது கமிஷன்.
"ரெண்டும் நம்மளக் கேக்காமத்தான எடுக்குறாங்க?"

நேர்முகம், மறைமுகம் என்று எழுதிய பலகைக்கு
முதுகைக் காட்டி நின்றேன்.
எடுத்தவரிடம் கணக்குக் கேட்கலாம் என்றால் வரி என்றேன்.
கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்றேன்.
சொல்லி முடித்தபின்தான் தெரிந்தது
இது எந்தப் பாடத்திலும் இல்லை என்று.

"அப்பக் கேப்போம்."

யார் சொன்னதென்று தெரியவில்லை, பெண்கள் வரிசை.
நாற்பத்தோரு பேரின் வரியையும் கூட்டினார்கள்.
டோல்கேட் வேண்டாம் என்று ஒரு கட்சி,
வேண்டும் என்று ஒச்சப்பன்.
வேண்டாம் ஜெயித்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு.
கக்கூஸ் தாழ்ப்பாள் என்ன விலை?
ஹார்டுவேர் கடை மகன் எழுந்து சொன்னான்,
"அறுபத்தஞ்சு. ஸ்க்ரூவோட."
நாலு கதவுக்கும் போட்டு மிச்சமும் இருந்தது.
இரண்டு வருஷமாக
உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி
கதவைப் பிடித்து நிற்கிறாள்.

"உங்க பில்லு டீச்சர்?"

என்னிடம் ஏது.
பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தொகுப்பூதியம்.
எட்டாம் தேதி, சில மாதம் இருபது.
வவுச்சரில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி
அதன் முகத்தின் மேல் கையெழுத்துப் போடுவேன்.
வவுச்சர் அவர்களுக்கு. ஸ்டாம்ப்
நான் வாங்கிக்கொண்டு போவது.

சொன்னேன். எதற்கோ சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
நாகஜோதி வந்து சுண்ணக்கட்டியை வாங்கி
பன்னிரண்டை அழித்துப் பதின்மூன்று ஆக்கினாள்.
நாற்பது காசு அப்படியே இருந்தது.

மணி அடித்தது.
அடுத்த வேளை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்,
வரலாற்று ஆசிரியர் அதைத் துடைக்காமல்
பாண்டியர் காலத்தைச்
சுற்றி நெருக்கி எழுதியிருந்தார்.