மூச்சைப் பிடியுங்கோ

வியாழன் பின்னேரம்
கம்பியில் கடைசித் துண்டும் ஏறிய பிறகு
மிருக வைத்தியர் அனுத்தரா வந்தாள்,
ரெஜிபோம் பெட்டியோடு.
மீன்காரர் வைத்திருக்கும் அதே பெட்டி.
உள்ளே ஐஸ். ஐஸுக்குள் ஒரு இதயம்.

முகத்துவாரத்தில் ஒதுங்கியதாம்.
சுழன்று பாயும் ஓங்கல்களில் ஒன்று.
பெண். ஐம்பத்தெட்டுக் கிலோ.
"உன்ர மெஷினில ஒருக்கால் பார்ப்பமா?"
கடன் கேட்பவளின் குரல்.

மெஷின் அரசாங்கத்தினது.
திரையை இழுத்துவிட்டேன்.

பதினேழு வருஷமாய்
இந்த இருட்டறையில் இதயம் பார்க்கிறேன்,
கையில் ஒன்றை ஏந்தியதில்லை.
குளிர்ந்திருந்தது. நினைத்ததைவிடப் பாரம்.
குழந்தைகள் வாட்டின் பேசனில் தண்ணீர் விட்டு
மெல்ல இறக்கினேன்.

நம்முடையது நுனி கூர்ந்து
இடப்பக்கம் சாய்ந்துகொள்ளும்.
இது அகலம், தட்டை,
பஸ்ஸில் யாரோ மேலே அமர்ந்துவிட்ட பணிஸ்.
கூர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு மேடு,
எந்தப் பக்கம் சாய்வதென்று
இன்னும் முடிவெடுக்காதது போல.

ஆனால் நான்கு அறை.
ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு
எல்லாம் அந்தந்த இடத்தில்.
தெரியாத வீட்டின் இருட்டில் கைநீட்ட
சுவிட்ச் அகப்பட்ட மாதிரி.

பிறகு பெருநாடி.
இதயத்தை விட்டு வெளியே வந்ததும் அது வீங்கியது,
வீங்கி, வளைந்து, பிறகுதான் மெலிந்தது.
மனிதரில் இதைக் கண்டால்
எழும்பிப் போய் டொக்டரைக் கூப்பிடுவேன்,
வீட்டுக்குப் போகவேண்டாம் என்பேன்,
கூட வந்தவர் யாரென்று கேட்பேன்.

"இது நோர்மல்" என்றாள் அனுத்தரா.
ஆழத்தில் துடிப்பு தூரம் தூரமாய் விழுமாம்.
அந்த இடைவெளிக்கு இரத்தம் சேர்த்துவைக்கும் பை;
இதயம் சும்மா இருக்கையில்
தானாய்ச் சுருங்கி அனுப்புமாம்.
தெற்கே கப்பல் பாதையில் மேயும் நீலத்திமிங்கிலத்துக்கு
ஆழத்தில் சிலவேளை நிமிஷத்துக்கு இரண்டே துடிப்பு.
ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில்
155 பஸ் நின்று, ஆளேற்றி,
மிச்சக் காசு கொடுக்காமல் போய்விடும்.

விலா எலும்புக்கு அடியில் ஒரு வலையும் உண்டாம்,
நுண்ணிய நாளங்களின் வலை,
மூளைக்குப் போகும் இரத்தத்தை
ஆறுதலாக்கி அனுப்ப.
பெட்டியில் அடங்காததால் கொண்டுவரவில்லை.
வலை என்றதும்
இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருந்தோம்.
செட்டையில் நைலோன் வெட்டிய தடம்
அவளது போனில் இருந்தது.

"தண்ணி குடிக்கேல்ல" என்றாள்.
"நுரையீரல் காஞ்சு கிடந்தது.
மூச்சை விடாமலே போயிருக்கு."

பழக்கத்தில் படிவம் எடுத்தேன்.
பெயர், வெறுமை. வயது, பல்லை வெட்டிப் பார்த்தபின்.
பெருநாடி என்ற இடத்தில்
விரிந்துள்ளது என்று எழுதி
பக்கத்தில் சாதாரணம் என்று எழுதி
அடியில் ஒரு கோடு.
கையொப்பம் வைக்கவில்லை.
ஜெல்லைத் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை,
ஆனாலும் துடைத்தேன்.

வெள்ளி காலை முதல் ஆள்
மாளிகாவத்தை மஃரூப், அறுபத்தாறு வயது.
சட்டையைக் கழற்றி இடப்பக்கம் சரிந்து படுத்தார்.
"மூச்சைப் பிடியுங்கோ."
ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்வது,
ஹுஸ்ம அல்லன்ன என்று இன்னும் அறுபது தரம்.
திரையில் அவரது வால்வு
கைகொட்டுவது போலத் திறந்து மூடியது.
நான் பெருநாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மூன்று சென்டிமீட்டர். ஒழுங்காய், ஒடுக்கமாய்.
துடிப்பு எழுபத்தெட்டு,
எழுபது,
அறுபத்தொன்று.

கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டுதான்
நினைவு வந்தது.
"விடுங்கோ! விடுங்கோ ஐயா!"

விட்டார்.
அறை முழுக்க வெற்றிலை வாசம்.
மன்னிப்புக் கேட்க நான் சொல் தேடுகையில்
அவர் முழங்கையில் ஊன்றி நிமிர்ந்தார்.
"எத்தனை செக்கன்?"
எண்ணவில்லை என்றேன்.
"போர்ட்டில முக்குளிச்ச ஆள் நான்.
கப்பல் விசிறில சிக்கின கயிறு வெட்டுற வேலை.
இன்னும் புடிச்சிருப்பேன், மிஸ்.
நீங்க சொன்னதாலதான் விட்டேன்."