பகுதி

வியாழன் இரண்டரை மணி வகுப்பு.
ஓ.பி. முடித்து வருகிறவர்களில்
பாதிப் பேர் சாப்பிட்டிருப்பதில்லை.
பி-மதிப்பு என்று போர்டில் எழுதினால்
கொட்டாவிகள் கணிசமாகக் கூடுகின்றன.

இன்று மருந்துக் கம்பெனிக் கட்டுரையைப் பிரிக்கும் முன்பே
டாக்டர் எத்திராஜுலு எழுந்துவிட்டார்.
"என் கையில முப்பது பேருக்கு இந்த ஆபரேஷன், மேடம்.
ஒருத்தரும் சாகலை. பூஜ்யம்."
என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர்.
அந்தச் சொல்லுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மேலே இருப்பது தொகுதி சார், கீழே இருப்பது பகுதி.
ஆறாம் வகுப்புக் கணக்குதான்.
முப்பதுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பூஜ்யம்
நூற்றுக்குப் பத்துச் சாவு வரை
புடவைக்குள் மறைத்துவைத்திருக்க முடியும்.

"பத்தா? எங்கேர்ந்து?"
நல்ல கேள்வி. சாக்பீஸை எடுத்தேன்.
அதற்குள் கடைசி வரிசையில் ஜெபகனி,
முதலாம் ஆண்டு முதுகலை, மெல்ல:
"சார், ரிவ்யூவுக்கு வந்தது பத்தொன்பதுதான்."

மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

மீதிப் பதினொரு பேரின் விலாசம் கூவக் கரை.
கரையில் இப்போது தகரத் தடுப்பு.
வீட்டுச் சாமானோடு லாரியேற்றி
பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.
அங்கிருந்து இங்கே இரண்டு பஸ்,
தையல் காயாத வயிற்றோடு.

சுகமாகி வராதவர்,
வேறு ஆஸ்பத்திரி தேடிப் போனவர்,
இனி எங்கேயும் வர இயலாதவர்,
எல்லோரும் பதிவேட்டில்
ஒரே மாதிரி வெற்றுக் கட்டம்.

முப்பதை அழித்துப் பத்தொன்பது எழுதினேன்.
பத்து, பதினைந்தாக ஏறியது.
அதற்குத் தமிழில் நம்பிக்கை இடைவெளி என்று பெயர்.
யாரும் சிரிக்கவில்லை.

அவர் சண்டை பிடிப்பார் என்றிருந்தேன்.
"நாளைக்கு ஏழாம் பெட்.
அப்பா பொழைப்பாரான்னு பொண்ணு கேக்குது.
இதுல எதைச் சொல்ல?"

என் பாடம் கூட்டத்துக்கானது.
ஒற்றை ஆளுக்கு அதில் இடமில்லை.
தெரியாது என்பதைப்
பதினைந்து வரை எண்ணத் தெரியும் எனக்கு,
அவ்வளவுதான் சார் என்றேன்.
தலையாட்டினார். ஒப்புதலா, அலுப்பா, தெரியவில்லை.

ஐந்து மணிக்கு இறங்கி வருகையில்
ரெக்கார்டு ரூம் ஜன்னலில் அவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஓ.பி. சீட்டின் பின்பக்கம்
பதினொரு பெயர் எழுதி நீட்டுகிறார்.
முனீரா நிமிராமல் கேட்கிறாள்:

"எந்தப் பகுதி?"